பேரிளம்பெண்ணின் விசில்

2015 ஜூலையில் டொராண்டோவின் ஸ்காபரோவில் பெரியம்மா மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, மறுபடி துடைப்பது. அவளும் வேலையிடத்துத் தோழிகள் இருவரும் சேர்ந்து போகவிருந்த படத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். படத்தின் பெயர் 'மேஜிக் மைக் எக்ஸ்எக்ஸ்எல்'. மேடையில் ஆடை களைந்து ஆடும் ஆண்களைப் பற்றி 2012இல் வந்த படத்தின் இரண்டாம் பாகம். முதல் படம் கொஞ்சம் சோகம், இது முழுக்கச் சிரிப்பு என்று சொல்லியிருந்தாள்.

அத்தான் சோபாவில் சாய்ந்தபடியே கேட்டார். "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாட்டி?" பிறகு என் பக்கம் திரும்பி, "இவளுக்குத்தான் புத்தியில்ல. டாக்டர் பட்டம் வாங்குனவ நீயுமாம்மா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "கோயில் கொடைக்கு ரெக்கார்டு டான்ஸ் பாக்க விடிய விடிய உக்காந்திருந்தது யாராம்?"

அத்தான் அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை அதற்குப் பின் எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதிய ஆண்களிடமிருந்தும், தமிழில் பேசிய நண்பர்களிடமிருந்தும், வருத்தத்தோடு சொல்கிறேன், பெண்ணியம் பேசும் தோழிகளிடமிருந்தும். எனவே அக்காவின் பதிலையே கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

முதலில் அரங்கைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெண்கள். இருபது வயதுக்காரிகள் இருந்தார்கள், ஆனால் அவர்களைவிட நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. விளக்கணைந்ததிலிருந்து சத்தம். ஒரு பாட்டி விசிலடித்தார். பயிற்சி உள்ள விசில். எந்தக் காலத்தில் எங்கே கற்றுக்கொண்டாரோ.

சத்தம் உச்சத்துக்குப் போன இடம் ஒரு பெட்ரோல் பங்க் கடை. ஐந்தாறு ஆண்கள் ஃபுளோரிடாவின் டாம்பாவிலிருந்து தெற்குக் கரோலினாவின் மர்ட்டில் பீச்சுக்கு, ஆட்டக்காரர்கள் கூடும் ஒரு பெருநிகழ்ச்சிக்காகப் போகிறார்கள். வழியில் ஒரு சவால். அந்தக் கடையின் கல்லாவில் உலகமே அலுத்துப்போன முகத்தோடு நிற்கும் பெண்ணைப் புன்னகைக்க வைக்க வேண்டும். ஜோ மாங்கனியெல்லோ நடித்த ரிச்சி உள்ளே போய், கடையில் ஒலிக்கும் பாட்டுக்கு ஆடுகிறான். சீட்டோஸ் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுகிறான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேலே ஊற்றிக்கொள்கிறான். வெளியே கண்ணாடிக்கு அப்பால் நின்று மற்ற ஆண்கள் அவனை உற்சாகப்படுத்துகிறார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் மூச்சு வாங்கியபடி அவன் சீட்டோஸுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு என்று கேட்கும்போது, அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அவ்வளவுதான் காட்சி. அவள் அவனுக்குத் தொலைபேசி எண் தரவில்லை. அவனும் கேட்கவில்லை. காசுக்கு வேலை செய்து களைத்த ஒருத்தியின் முகத்தில் ஒரு சிரிப்பு வர வேண்டும் என்று ஆறடி ஆண் ஒருவன் கோமாளியாகிறான். எனக்கு இடப்பக்கம் இருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்தவள் அவள்.

இந்தச் சிரிப்பைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

முதல் குற்றச்சாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. இதையே ஆண்கள் செய்தால் ஒப்புக்கொள்வீர்களா? பெண்கள் ஆடை களையும் படத்துக்கு ஆண்கள் கூட்டமாகப் போய் இப்படிக் கத்தினால் என்ன சொல்வீர்கள்? கேட்பவர்கள் இதை ஏதோ கற்பனைச் சோதனைபோலக் கேட்கிறார்கள். ஐயா, ஆண்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் சினிமா. குத்துப்பாட்டில் காமிரா பெண்ணின் இடுப்பில் ஏறி இறங்கும்போது எழும் விசிலுக்குப் பெயர் கொண்டாட்டம், 'மாஸ்'. 1975இல் லாரா மல்வி என்ற ஆங்கிலேயப் பெண், பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்ற ஏற்பாடு படங்களின் கட்டமைப்பிலேயே பொதிந்திருக்கிறது என்று எழுதினார். அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவர், ஒரே ஒரு மாலை நாற்காலி இடம் மாறியதும் சமநீதியைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினால், அந்தக் கவலையை நான் ஏன் நம்ப வேண்டும்?

ரெக்கார்டு டான்ஸுக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் கொடைகளில் ஆட வரும் பெண்ணின் ரவிக்கையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். குத்துபவன் கை எங்கே போகும் என்பது அவன் தயவு. ஆட்டம் முடிந்து விடிகாலையில் வேனில் ஏறும்வரை அவளுக்கு நிம்மதி கிடையாது. அவளை வதைப்பது பார்க்கப்படுவது மட்டுமல்ல. மறுக்க முடியாததுதான். ஊரில் மறுநாள் அவளைப் பற்றிப் பேசுகிற பேச்சு. அவளுக்குக் கூலி குறைத்துக் கொடுத்துவிட்டு அவளையே கெட்டுப்போனவள் என்பார்கள், பார்த்தவர்கள் கெட்டுப்போவதில்லை. ஸ்காபரோ அரங்கில் கத்திய பெண்கள் யாரையும் பின்தொடர்ந்து போகவில்லை. சேனிங் டேட்டம் பதினெட்டு வயதில் டாம்பாவில் இப்படி ஆடியவர். அந்த அனுபவத்திலிருந்துதான் முதல் படமே பிறந்தது. அந்தக் கடந்த காலம் அவரை நட்சத்திரமாக்கியது. கொடையில் ஆடிய ஒரு பெண்ணின் கடந்த காலம் அவளை என்னவாக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? இரண்டையும் ஒரே தராசில் வைப்பவருக்குத் தராசு பிடிக்கத் தெரியவில்லை.

ஆணாட்டக்காரர்களின் மேல் கண்டபடி கை போடும் பெண்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள். அது தவறு. அதைத் தவறு என்று சொல்வதற்கு, சிரிப்பவர்கள் அத்தனை பேரையும் அசிங்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, கதையில்லை என்பது. சோடர்பெர்க் இயக்கிய முதல் படத்தில் கதை இருந்தது. மர நாற்காலி, மேசை செய்யும் தொழில் தொடங்க வங்கிக் கடனுக்கு அலையும் மைக், பணம், போதை, வீழ்ச்சி. விமர்சகர்களுக்கு அது பிடித்தது. ஆண்களின் நெருக்கடி என்றால் கலை. கிரகரி ஜேக்கப்ஸ் இயக்கிய இரண்டாம் பாகத்தில் வில்லன் இல்லை, பழிவாங்கல் இல்லை, யாரும் சாகவில்லை. ஆண்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்கள், ஊர் ஊராகப் போகிறார்கள், பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆணொருவன் பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பது கதையில்லை என்றால், கதை என்று எதைத்தான் சொல்கிறோம்? சவானாவில் ரோம் என்பவள் நடத்தும் விடுதிக்கு வண்டி போகிறது. ஜேடா பிங்கெட் ஸ்மித் நடித்த பாத்திரம். வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள், எல்லா உடல்வாகினரும். ரோம் அவர்களை ராணிகளே என்று அழைக்கிறாள். அங்கே டொனால்ட் குளோவர் நடித்த ஆந்த்ரே ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, அவள் சொன்னதை வைத்து அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடுகிறான். இந்தப் பெண்களின் வாழ்க்கையில் இருக்கும் ஆண்கள் இவர்கள் சொல்வதைக் கேட்பதில்லை, நாம் கேட்கிறோம் என்ற பொருளில் பிறகு அவனே பேசுகிறான். அந்த வசனத்தின்போது அரங்கில் விசில் இல்லை. 'ம்ம்' என்ற ஒலி மட்டும். அக்காவின் ஜமைக்காத் தோழி சத்தமாகவே 'ம்ம்' என்றார்.

இங்கே என் துறையைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் உலா நடத்துகிறேன். இறைவனோ அரசனோ வீதியில் வருகிறான், பெண்கள் பார்க்கிறார்கள், மயங்குகிறார்கள். வளை கழல்கிறது, கலை நெகிழ்கிறது, உடல் மெலிகிறது. ஆணுடலைப் பார்க்கும் பெண் கூட்டம் தமிழுக்குப் புதிதல்ல, ஓர் இலக்கிய வகையே அதன்மேல்தான் நிற்கிறது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்கு மூன்று உலாப் பாடினார். அப்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால் அந்த வேட்கை அவனுடைய புகழின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. எத்தனை பெண்கள் மயங்கினார்களோ அத்தனை பெரியவன் அவன். அவன் நின்று ஒருத்தியிடமும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. யானைமேல் போய்க்கொண்டே இருப்பான்.

அந்தக் கூட்டத்தின் வயதுக் கணக்கையும் பாருங்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம். வழக்கமாகச் சொல்லும் கணக்கில் பேதைக்கு ஐந்து முதல் ஏழு வயது. பேரிளம்பெண்ணுக்கு நாற்பதோடு முடிகிறது. விவரமறியாத ஐந்து வயதுக் குழந்தைக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது, ஐம்பது வயதுக்காரிக்கு இல்லை. நாற்பத்தொன்றாம் வயதில் அவள் வீதியை விட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். 'இந்த வயசுல தேவையா' என்று அத்தான் கேட்டபோது அவர் உலா படித்திருக்கவில்லை. படிக்காமலே இலக்கணம் தெரிந்திருந்தது.

'எக்ஸ்எக்ஸ்எல்'லில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இந்த எட்டாம் பருவத்துப் பெண்களுடையது. சார்ல்ஸ்டனில் ஒரு பெரிய வீடு. நடுவயதுப் பெண்கள் ஒயின் குடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரி நான்சியாக ஆண்டி மெக்டவல், அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. உள்ளே வரும் இளைஞர்களைக் கண்டு அவர்கள் மயங்கி விழவில்லை. கிண்டல் செய்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஒருத்தி தன் திருமண வாழ்க்கையின் குறையைச் சொல்லத் தொடங்குகிறாள். கூட்டத்தில் இருந்தாலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. கென் அவளை நகைக்காமல் கேட்டுவிட்டு, அவளுக்காக ஒரு பாட்டுப் பாடுகிறான். அதில் ஆடை களைவது எதுவும் இல்லை. அந்தக் காட்சியில் அரங்கமே அமைதியாக இருந்தது. கத்துகிற பெண்களைப் பற்றி எழுதியவர்கள் இந்த அமைதியைப் பற்றி எழுதி நான் படிக்கவில்லை.

தோழிகளின் குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. உடலைப் பண்டமாக்குவதை யார் செய்தாலும் அது சந்தைக்கே லாபம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். முதல் படம் சுமார் 70 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 16 கோடிக்கு மேல் ஈட்டியது. இரண்டாம் பாகம் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் 12 கோடியைத் தாண்டியது. பெண்களின் ஆசைக்குக் கல்லாப்பெட்டி உண்டு என்பதை 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் 'சிப்பன்டேல்ஸ்' ஆணாட்டத்தைத் தொடங்கிய சோமேன் பானர்ஜி எப்போதோ கண்டுகொண்டார். நம் நாட்டிலிருந்து போனவர்தான். தொழில் போட்டியில் கொலைவரை போய்ச் சிறையில் முடிந்தார். விடுதலை அங்கே விற்கப்படவில்லை, எனக்குத் தெரியும்.

படத்தின் மேல் எனக்கே ஒரு சண்டை உண்டு. வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள், கடைசி மேடையில் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். கூட்டத்திலிருந்து பெண்களை மேடைக்கு ஏற்றித் தூக்கித் தலைகீழாகத் திருப்புகிறார்கள். அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள் என்பதால் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ரிச்சி அந்தக் கடையில் கல்லாவுக்கு இந்தப் பக்கமே நின்றானே, அந்த இடைவெளி எங்கே போனது?

ஆனால் தோழிகளே, சந்தையை எதிர்க்கும் உங்கள் கோபம் எப்போதும் அக்காவின் பதினான்கு டாலர் டிக்கெட்டிலேயே ஏன் தொடங்குகிறது? நடிகர்களின் ஆளுயரப் படத்துக்குப் பாலூற்றும் ஆண்களைப் பற்றி நாம் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறோம், ரசிகப் பண்பாடு என்று பெயர் வைக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். விசிலடித்த பாட்டியைப் பார்த்தால் மட்டும் நமக்கு ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது. பெண்ணின் சிரிப்பு ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டால்தான் அதை அனுமதிப்போமா?

இரவு திரும்பும் வழியில் பால் வாங்க ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். அலமாரியில் சீட்டோஸ் பாக்கெட்டைப் பார்த்ததும் அக்காவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. கல்லாவில் இருந்த பஞ்சாபிப் பையன் என்ன ஆன்ட்டி என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துப் பாலோடு வைத்தாள்.

வீட்டில் அத்தான் அதைப் பிரித்துத் தின்றபடியே கேட்டார். "படம் எப்படி?"

"கதையே இல்ல," என்றாள் அக்கா. காலை ஆறு மணி ஷிப்டுக்கு அலாரம் வைத்துவிட்டு, அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி மாடியேறினாள்.