பதினான்கு வயதில் இட்ட கையெழுத்து

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

“இது பாட்டா, கூச்சலா?” என்று பெரியோர் கேட்பது எக்காலத்தும் உள்ளதுதான். எமோ, பாப்-பங்க் என்னும் அமெரிக்க இசை வகைகளைப் பற்றி அவர்கள் அப்படிக் கேட்டால் நான் வியப்படைய மாட்டேன். விரைந்து அதிரும் கிதார், இடியை ஒத்த டிரம்ஸ், தொண்டை கிழியப் பாடும் குரல்! முதன்முறை கேட்பவருக்குக் காது வலிக்கத்தான் செய்யும். ஆயினும் அந்தக் கூச்சலுக்குள்ளே அழுகை இருக்கிறது, வெட்கம் இருக்கிறது, உயிர்த்தோழியிடமும் சொல்ல முடியாத தனிமை இருக்கிறது. நம் வயதினர் அதை விரும்பிக் கேட்பதில் பிழையில்லை என்பதே என் கருத்து. ஆனால் நான் எழுத வந்தது அந்த இசையை விற்கும் இசைத்தட்டு நிறுவனங்களைப் பற்றி.

இவ்விசையின் ரசிகர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. சிறு நிறுவனத்தில் பாடும் குழு நேர்மையானது. பெரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் அது தன்னையே விற்றுக்கொண்டது என்பார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரின் கில்மன் தெருவில் ஒரு சிறு அரங்கு உள்ளது. பெரு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு அங்கே மேடை கிடையாது என்பது அக்காலத்தில் அதன் விதியாக இருந்தது. அங்கே வளர்ந்த கிரீன் டே குழு, பெரு நிறுவனம் ஒன்றின் மூலம் 1994இல் ‘டூக்கி’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் அது ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆனால் வளர்த்த மேடை அவர்களுக்கு மூடிக்கொண்டது. ஜாபிரேக்கர் என்னும் குழுவின் கதை இன்னும் வருத்தம் தருவது. 1995இல் அவர்களும் பெரு நிறுவனத்துக்குப் போனார்கள். பழைய ரசிகர்கள் வெறுத்து ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டே குழு கலைந்தது.

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது குறி தவறிய கோபம் என்றே சொல்வேன். கிரீன் டேயின் முதல் இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டது லுக்அவுட் என்னும் சிறு நிறுவனம். ரசிகர்களின் கண்ணுக்கு அது உத்தம நிறுவனம். ஆனால் கலைஞர்களுக்குச் சேர வேண்டிய ராயல்டி பாக்கி நின்றதால், 2005இல் கிரீன் டே தன் பாடல்களை அங்கிருந்து மீட்டுக்கொண்டது. 2012இல் அந்நிறுவனமே மூடப்பட்டது. சிறியது என்பதற்காக ஒன்றை நல்லது என்று நம்பிவிடலாமா? வாஷிங்டனில் 1980இல் இரு இளைஞர்கள் தொடங்கிய டிஸ்கார்டு நிறுவனம் வேறு வகை. எமோ இசையின் தொடக்கம் என்று பலரும் கூறும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் இசைத்தட்டு 1985இல் அங்கிருந்துதான் வந்தது. குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமல், நம்பிக்கையின் பேரில் இலாபத்தைப் பங்கிடுவது அவர்கள் வழக்கம். அதைப் போற்றுகிறேன். எல்லாரையும் அப்படி நம்பச் சொல்ல மாட்டேன்.

என் எண்ணமெல்லாம் ஹெய்லி வில்லியம்ஸ் மீதே நிற்கிறது. டென்னசி மாநிலத்தில் வாழ்ந்த அப்பெண், 2003இல் அட்லாண்டிக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபோது வயது பதினான்கு. என்னைவிட ஒரு வயது இளையவர்! அவரைத் தனிப் பாடகியாக்கி விற்கவே நிறுவனம் விரும்பியது. அவரோ, “நண்பர்களோடு குழுவாகத்தான் பாடுவேன்” என்று நின்றார். அப்படித்தான் பாரமோர் என்னும் பாப்-பங்க் குழு உலகுக்குத் தெரிய வந்தது. அந்த வயதில் ஒரு பெரு நிறுவனத்தை எதிர்த்துப் பேசிய துணிவை எண்ணி வியக்கிறேன்.

ஆனால் தோழியரே, அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2005இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டில் அட்லாண்டிக்கின் பெயர் முன்னே நிற்கவில்லை. ஃபியூல்டு பை ராமன் என்னும் சிறு நிறுவனத்தின் பெயரில் அது வந்தது. பெரு நிறுவனத்தின் பெயரைக் கண்டால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும் அல்லவா? உறையின் பின்புறத்தைப் பார்த்து நல்லது கெட்டது தீர்மானித்தவர்கள் இங்கே என்ன செய்ய முடியும்?

ஒப்பந்தமும் புதுவகை. ‘முந்நூற்றறுபது பாகை ஒப்பந்தம்’ என்பார்கள். இணையம் வந்த பின் இசைத்தட்டு விற்பனை சரிந்தது. ஆகவே, கச்சேரி வருமானத்திலும், குழுவின் பெயர் பொறித்த பனியன் விற்ற காசிலும்கூட நிறுவனம் பங்கு கேட்டது. வட்டத்தில் எப்பக்கம் திரும்பினாலும் ஒரு கை நீளும்! இதில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் இசைத்தட்டு பெரிதாக விற்காதபோதும் அவர்களைக் கைவிடாமல் நிறுவனம் காத்திருந்தது. 2007இல் ‘ரயட்’ வெளியானதும் பாரமோரின் புகழ் பரவியது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்தது ஹெய்லியின் பெயர் மட்டுமே. உடன் வாசித்த பையன்களின் பெயர் இல்லை. 2010இல் குழுவை விட்டு விலகிய சகோதரர் இருவரின் மனக்குறைகளில் இதுவும் ஒன்று. ஒரு தாளில் யார் பெயர் இல்லை என்பது நட்பையே பிளக்கக்கூடும் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பதினான்கு வயதில் ஆழம் எப்படித் தெரியும்? சுற்றுலாவுக்குப் போகப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி வரும் தாளையே நம்மில் எத்தனை பேர் முழுதும் படிக்கிறோம்? ஆகவே, ஒரு குழு பெரு நிறுவனத்தில் சேர்ந்ததா என்று ரசிகர்கள் கேட்பதைவிட, எத்தனை ஆண்டுகளுக்கு, எதில் எதில் பங்கு, யார் யார் பெயர் அதில் உண்டு என்று கேட்டிருக்கலாம். முதுகைக் காட்டுவது எளிது. கணக்குக் கேட்பது கடினம்.

ஹெய்லியின் ஒப்பந்தம் 2023இல் முடிந்தது. இருபது ஆண்டுகள்! அதன் கீழ் கடைசியாக வந்த ‘திஸ் இஸ் வை’ என்னும் இசைத்தட்டு 2024இல் சிறந்த ராக் இசைத்தட்டுக்கான கிராமி விருதைப் பெற்றது. 2025இல் அவர் தம் தனிப் பாடல்களைத் தம் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார். அந்நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் ‘போஸ்ட் அட்லாண்டிக்’. அட்லாண்டிக்குக்குப் பின் என்று பொருள்.