கோப்பு திறந்தால் மட்டும் போதுமா?

நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களைத் தொகுத்து மீண்டும் அச்சிட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தது. நல்ல எண்ணம். ஆனால் அவற்றில் பல, பேஜ்மேக்கர் கோப்புகளாக சி.டி.யில் கிடக்கின்றன என்பதும், சில திறக்கவே மறுக்கின்றன என்பதும் உறுப்பினர் பலருக்குத் தெரியாது. "கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் கொடுத்தால் சரிசெய்து விடுவான் சார்" என்றார் ஓர் அன்பர். அது பாதிதான் உண்மை.

ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1994இல் அடோபி வசமாயிற்று. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. இன்டிசைன் சி.எஸ்.6 வரை பழைய கோப்புகளைத் திறந்து கொண்டிருந்தது. பின்னர் வந்தவை திறப்பதில்லை. ஆகவே பழைய மென்பொருள் உள்ள பழைய கணினி ஒன்று முதலில் வேண்டும்.

கோப்பைத் தொடுமுன் நகல் எடுத்துக்கொண்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். திறந்து, ஆனால் தகராறு செய்கிற கோப்பென்றால், எதையும் தேர்வு செய்யாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி 'டைப்' மெனுவில் 'ஹைஃபனேஷன்' என்பதைச் சொடுக்க வேண்டும். பேஜ்மேக்கர் தானே சோதனை போடும். ஒரு 'பீப்' என்றால் பழுதில்லை. இரண்டு என்றால் பழுது இருந்தது, சரியாயிற்று. மூன்று என்றால் அதனால் முடியவில்லை. சரியானதும் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமிப்பது நல்லது. 'பேட் ரெக்கார்ட் இண்டெக்ஸ்' என்று சொல்லித் திறக்கவே மறுத்தால், புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, 'ப்ளேஸ்' கட்டளையால் கெட்ட கோப்பைக் காட்டிப் பார்க்கலாம். பக்க அமைப்பு போனாலும் கட்டுரைகள் மட்டும் வந்து சேர்வதுண்டு. லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளும் 4.4 பதிப்பிலிருந்து இக்கோப்புகளைப் படிக்கிறது.

கோப்பு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் திரையில் தமிழ் இராது. பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலமாக நிற்கும். ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. மீட்டர் கேஜ் முடிந்து பிராட் கேஜ் தொடங்கும் ஸ்டேஷனில் சரக்கு முழுவதையும் இறக்கி வேறு வேகனில் ஏற்ற வேண்டியிருந்ததே, அதே கதைதான். தமிழ் எழுத்துருக்களில் நிறுவனத்துக்கு ஒரு கேஜ் இருந்தது. 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். அதன் பிறகும் பலர் பழையதை விடவில்லை. இன்று யூனிகோடு என்ற ஒரே பாதை இருக்கிறது. மாற்றித் தரும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். யாராவது உட்கார்ந்து வரிவரியாக மெய்ப்பு பார்த்தே தீர வேண்டும்.

என் கவலை இங்கேதான். பழுதுபார்க்க ஆள் கிடைக்கும். மெய்ப்பு பார்க்க? நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். படிப்பவர் எத்தனை பேர் என்று நம் மனசாட்சிக்குத் தெரியும். இந்த ஊருக்கு முதலில் வந்த குடும்பங்களைப் பற்றியும், கோயில் எழுந்த விதம் பற்றியும், மறைந்த பெரியவர்கள் பற்றியும் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதிலுள்ள பெயர்களைச் சரியா தவறா என்று சொல்லக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் அப்படம் ஒன்றில் தாத்தாவின் பெயரைத் தேட முடியாது.

ஆகவே செயற்குழு, இவ்வாண்டு மேடை அலங்காரச் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இனி வரும் மலர்களுக்கு டி.டி.பி. கூலி கொடுக்கும்போதே, யூனிகோடு பிரதியையும் வாங்கிக்கொண்டுதான் பில்லைத் தீர்க்க வேண்டும். பழைய மலர்களின் அச்சுப் பிரதி வைத்திருக்கும் குடும்பத்தினர் அவற்றைச் சங்க நூலகத்துக்கு இரவலாகத் தந்தால், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம். ஞாயிறு காலை பத்து மணி முதல் நான் அங்கே இருப்பேன்.