புதிய நுரையீரலில் சீழ்க்கையொலி

பருத்தித்துறையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியுள்ளார். சென்னையிலே நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்றுத் திரும்பிய அவருடைய தமையனாருக்கு, மூன்றாம் மாதத்தில் மூச்சு சீழ்க்கையடிக்கின்றதாம். தொய்வு என்றெண்ணி ஆவி பிடித்து வருகின்றனராம். அம்மணி, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நுரையீரலை மாற்றும் வைத்தியர் மூச்சுக்குழாயையும் பெருங் குருதிக்குழாய்களையும் பொருத்துகின்றார். மூச்சுக்குழாயின் சுவருக்கு உணவூட்டும் மெல்லிய நாடிகளையோ பெரும்பாலும் பொருத்துவதில்லை. கடைவரம்பிலே நிற்கும் புகையிலைக் கன்றுக்கு இறைத்த நீர் எட்டாதது போல, பொருத்திய இடத்துக்குக் குருதி குறைவாகவே எட்டுகின்றது. அங்கே தழும்பு தடித்துக் குழாய் ஒடுங்கிவிடலாம்.

1963இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் மாற்றினார்; நோயாளி வாழ்ந்தது 18 நாட்களே. பின்னர் இருபதாண்டுக் காலம் பலரும் தோற்றதற்கு இந்தப் பொருத்து ஆறாமையும் ஒரு பெருங் காரணம். 1983இல் ரொறன்ரோவில் ஜோயல் கூப்பர் குழுவினர், குடலை மூடியிருக்கும் கொழுப்புத்திரையை இழுத்து அதற்குப் போர்த்தினர். அந்நோயாளி ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

ஒடுக்கத்தை நோக்குகுழாய் செலுத்திப் பார்த்தே உறுதி செய்வர். சிறு பலூனை உள்ளே ஊதி விரிப்பர். பன்முறை விரிக்க நேரிடலாம். அதற்கும் அடங்காவிடின் சிலிக்கன் அல்லது உலோக உட்குழாய் வைப்பர். அதிலே சளி அடைபடுமாதலால் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய உறுப்பை உடல் வெறுப்பதும், கிருமித்தொற்றும் இவ்வாறே தொடங்கலாம். மருந்தொன்றையும் நிறுத்தாது, இன்றே சென்னை வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள். மூச்சுத் திணறினால் மந்திகை வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்; மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.