தாட்சண்ய வியாபாரம்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து சுண்டல் விநியோகம் நடந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரி நம்மை அணுகினார். "அண்ணா, வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்கலாம் என்றிருக்கிறேன். கைப்பக்குவத்தில் குறையில்லை. விளம்பரம் செய்வதுதான் எப்படியென்று தெரியவில்லை. நம் சங்கத்து மனிதர்களிடமே தொடங்கிவிடலாமா?" என்று வினவினார்.

நாம் உடனே விடை கூறவில்லை. இதே கேள்வியை மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில் நாமே எழுப்பி, அதற்குத் தவறான விடையையும் நாமே கண்டு, அதன் பலனையும் அனுபவித்தவர்கள் நாம். ஆகவே இம்மாதப் பக்கத்தை அச்சகோதரிக்கு உரிய விடையாகவே எழுதத் துணிந்தோம்.

ரயில்வே குமாஸ்தாவின் ஊதியம் எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் இருவரும் வளர, செலவும் உடன் வளர்ந்தது. "இட்லி மாவு அரைத்து விற்கிறேனே" என்றார் நம் மனைவியார். நமக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அவருடைய கைவளையல்கள் இரண்டையும் அடகு வைத்துப் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கினோம். ஜனக்புரியில் தமிழ்க் குடும்பங்களுக்கா பஞ்சம்? பிள்ளைகளின் பள்ளி வாயிலிலும், சங்கக் கூட்டத்திலும், தெரிந்தவர் வீட்டு விசேஷங்களிலும் சொல்லி வைத்தோம். முதல் மாதத்திலேயே இருபது வீடுகள் சேர்ந்துவிட்டன. நமக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழி வந்தது. தில்லிக் குளிரைத்தான் அறிவீர்களே! இரவு முழுவதும் வைத்திருந்தும் மாவு பொங்கவில்லை. இட்லி கல்லாயிற்று. ஆயினும் நம்மவர் ஒருவரும் ஒரு சொல் கூறினாரல்லர். "ரொம்ப நன்றாயிருந்தது, அக்கா" என்றே அனைவரும் சொன்னார்கள். பிறகு ஒருவர் ஊருக்குப் போவதாகச் சொன்னார். மற்றொருவர் வீட்டில் சப்பாத்திக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். தை பிறந்தபோது எட்டு வீடுகளே எஞ்சின. அவற்றிலும் ஐந்து வீடுகளில் கடன் நின்றது. கேட்க நாவெழவில்லை, அவர்களோ நம் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வந்து ஆசி கூறியவர்கள்.

அவ்வமயம் அடுத்த வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார் ஒரு காலைப் பொழுதில் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "பேட்டி, இது உப்பவே இல்லை. நல்லதாகக் கொடு, இல்லையேல் என் காசைக் கொடு" என்று வாயிற்படியில் நின்றே சொல்லிவிட்டார். அன்று நம் மனைவியார் அழுதுவிட்டார். நமக்கும் சினம் மூண்டது. சினம் தணிந்த பின்னரே உண்மை புலப்பட்டது. இருபது வீடுகளில் நமக்கு உதவி செய்தவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் நம் முகத்துக்காக வாங்கினர். அம்மூதாட்டி மாவுக்காக வாங்கினார். முகத்துக்காக வாங்குபவர் குறை சொல்வதில்லை, சொல்லாமலே நின்றுவிடுவர். இதற்குத்தான் 'தாட்சண்ய வியாபாரம்' என்று நாம் பெயர் சூட்டினோம்.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், பம்பாயில் கிர்காம் பகுதியில், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்மணிகள் கூடி அப்பளம் இட்டனர். முதலீடு 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்சி பாரேக் என்னும் பெரியவரிடம் பெற்ற கடன். முதல் நாள் தயாரானவை நான்கு பொட்டலங்களே. அவற்றைப் புலேசுவரத்திலிருந்த ஒரு வணிகரிடம் விற்றனர். முதல் ஆண்டு முழுவதும் நடந்த விற்பனை 6,196 ரூபாய். அதுவே இன்று நாடெங்கும் அறிந்த லிஜ்ஜத் அப்பளம். அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையாருக்கு 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியவை சில உள. தொழில் நஷ்டமே அடைந்தாலும் ஒருவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அப்பெண்கள் தொடக்கத்திலேயே உறுதி பூண்டனர். அதாவது, தாட்சண்யத்துக்கு வாயிலிலேயே தாழிட்டனர். ஆரம்பத்தில் மலிவானது ஒன்று, தரமானது ஒன்று என இருவகை அப்பளம் செய்தனர். பாரேக் அவர்களோ தரமான ஒன்றையே செய்யுமாறும், தரத்தில் ஒருபோதும் இறங்கலாகாது என்றும், கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். உடைந்த அப்பளங்களை விலைக்கு விற்காமல் அண்டை வீட்டாருக்கு அளித்துவிட்டனர். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் நான்கு மாதம் தொழில் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழை பெய்துகொண்டிருக்க அப்பளம் உலர்ந்தது!

இந்தக் கட்டிலும் அடுப்பும் நம் கண்ணைத் திறந்தன. பம்பாய்க்கு மழை எனில் தில்லிக்குக் குளிர். அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அரைத்த மாவைக் கையால் நன்கு கலந்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, மூடிய பெட்டியினுள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகே வைத்தோம், மாவு பொங்கியது. வைகாசி வெயிலில் இதற்கு எதிர்ப்பக்கம். சில மணி நேரத்தில் மாவு புளித்துவிடும். அப்போது குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, உடனே குளிர்பெட்டியில் வைத்து, அன்றன்றே கொடுத்துவிட வேண்டும். பருவத்தைக் குறை கூறுபவர் தொழிலை விடுகிறார். பருவத்துக்கு ஏற்பாடு செய்பவர் தொழிலை நடத்துகிறார்.

அடுத்தது கணக்கு. நம் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு நாளின் கணக்கை மறைக்காமல் தருகிறோம். பத்துக் கிலோ மாவுக்கு அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு எல்லாம் சேர்ந்து 370 ரூபாய். கிலோ 60 ரூபாய் வீதம் விற்றால் 600. மிச்சம் 230 என்று மகிழ்ந்திருந்தோம். பிறகுதான் விட்டுப்போனவற்றை எழுதினோம். மின்சாரமும் தண்ணீரும் 30, பையும் சீட்டும் 40, கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு 50, அடகு வட்டிக்கும் கிரைண்டர் பழுதுக்கும் ஒதுக்கியது 30, ஆக 150. பத்தில் ஒரு பொட்டலம் வீணாயிற்று. கைக்கு வந்தது 540-தான். முடிவில் நின்ற லாபம் 20 ரூபாய். ஆறு மணி நேர உழைப்புக்கு இருபது ரூபாய்! விலையை 70 ஆக்கியதும் அதே கணக்கில் 110 ரூபாய் நின்றது. மேலும், இருபது கிலோ அரைக்க இருமடங்கு நேரம் ஆவதில்லை. விலையும் அளவும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நோட்டுப் புத்தகம்தான் சொல்லும், மனம் சொல்லாது.

இதற்காக இரண்டு கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டோம். தொழிற்பணம் வேறு, வீட்டுப்பணம் வேறு. மாவு விற்ற காசு தனி வங்கிக் கணக்கில் சேரும், பள்ளிக் கட்டணத்துக்காக இடையில் அதில் கை வைப்பதில்லை. இரண்டாவது, நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பழைய பலகையின் வாசகம்: 'இன்று ரொக்கம், நாளை கடன்.' இதைச் சொல்ல முதலில் கூச்சமாயிருந்தது. ஆனால் கடன் நின்ற வீட்டார்தாம் நம்மைக் கண்டதும் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தனர். கடன் கொடாமை நட்பைக் காக்கும் என்பதை அப்போது உணர்ந்தோம்.

இனி அச்சகோதரி கேட்ட விளம்பரத்துக்கு வருவோம். அறியாதவர் ஒருவர் முதன்முறை வாங்க வேண்டுமெனில் அவருக்கு நேரக்கூடிய நஷ்டம் சிறிதாயிருக்க வேண்டும். கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் அவர்கள், பெரிய புட்டி வாங்க இயலாதவரும் ஷாம்பு வாங்கட்டும் என்று சிறு பொட்டலத்தில் அடைக்கும் முறைக்கு வழிகாட்டினார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயுடன் தொடங்கிய தொழிலே பின்னாளில் கவின்கேர் ஆயிற்று. நாமும் அரைக் கிலோப் பொட்டலம் ஒன்றைத் தொடங்கினோம். பஞ்சாபிக் குடும்பத்தாருக்கு இட்லி பிடிக்கும். வேகவைக்கும் முறை தெரியாது. எத்தனை நிமிடம் ஆவியில் வைப்பது, அதே மாவில் ஊத்தப்பம் வார்ப்பது எவ்வாறு என்று இந்தியில் ஒரு துண்டுச் சீட்டு அச்சிட்டுப் பொட்டலத்துடன் வைத்தோம். குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் வாரம் ஒரு முறை மட்டும், எந்தெந்த நாளில் மாவு கிடைக்கும் என்று மனைவியார் அறிவிப்பார். நாள் தவறுவதில்லை. நாள் தவறாமையே சிறந்த விளம்பரம். மாவு பொங்கத் தொடங்கிய பின், பொட்டலத்தைத் திருப்பித் தந்த அந்த மூதாட்டியாரே தம் உறவினர் நால்வரை அழைத்து வந்தார். உத்தம் நகர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம் பத்துப் பொட்டலம் வைத்தோம். அவர் நம் முகத்தை முன்பின் கண்டவரல்லர். மறுநாள் "இன்னும் பத்து வேண்டும்" என்று அவர் சொன்னபோதுதான், நாம் வியாபாரம் செய்கிறோம் என்ற நம்பிக்கை பிறந்தது.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உணவுப் பண்டம் விற்பவர், சிறு அளவேயாயினும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறுதல் வேண்டும். அந்தப் பதினான்கு இலக்க எண்ணையும், சேர்மானப் பொருள்களையும், எடையையும், செய்த நாளையும், எந்நாள் வரை பயன்படுத்தலாம் என்பதையும், சைவ உணவுக்குரிய பச்சைக் குறியையும், செய்தவர் பெயர் முகவரியையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். சிறு தொழில்களுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், 'சிசு' என்னும் பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கடன் பெற வழியுண்டு. இதை முன்னரே அறிந்திருந்தால் நம் வீட்டு வளையல்கள் கையிலேயே இருந்திருக்கும்.

அரசுப் பணியிலிருக்கும் அன்பர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஆரம்பத்தில் நாமே நான்கு பொட்டலங்களை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றோம். மூத்த சகா ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "தம்பி, நடத்தை விதியைப் படித்ததுண்டா?" என்றார். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 15-ஆம் விதி, ஊழியர் அனுமதியின்றித் தாமே வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. குடும்பத்தினர் தொழில் செய்தால் அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் தொழிலுக்காக ஊழியர் ஆள் சேர்ப்பதும் குற்றமாகக் கொள்ளப்படலாம். மற்ற மத்திய அரசு ஊழியர்க்கும் 1964-ஆம் ஆண்டு விதிகளில் இத்தகைய ஏற்பாடே உண்டு. அன்றே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டோம். இன்று தொழில் முழுவதும் மனைவியாருடையது. கணக்கும் பெயரும் அவருடையவை. விடுமுறை நாளில் உளுந்து கழுவுவதே நம் பங்கு.

ஆகவே, சகோதரியே, உமக்கு நம் விடை இது. சங்கத்து மனிதர்களிடம் விற்கலாம். ஆனால் அவர்களிடம் தொடங்க வேண்டாம். முதற் பத்துப் பொட்டலங்களை உம் முகமறியாதவரிடம் விற்றுப் பாரும். அவர் மறுமுறையும் வந்தால் நம்மவரிடம் வாரும், தாட்சண்யமின்றி வாங்குவோம். நம்மவருக்கும் ஒரு வேண்டுகோள். நம் சகோதரி ஒருத்தி செய்த பண்டத்தில் குறை கண்டால், "நன்றாயிருந்தது" என்று சொல்லி நின்றுவிடாதீர்கள். குறையை அன்போடு அவளிடமே சொல்லுங்கள். அதைவிடப் பெரிய ஆதரவு வேறில்லை.

நம் வீட்டு வளையல்களில் ஒன்று சென்ற தீபாவளிக்கு முன் மீண்டுவிட்டது. மற்றொன்று இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. நோட்டுப் புத்தகக் கணக்குப்படி, வரும் பங்குனியில் அதுவும் வீடு திரும்பும்.