சோற்றுப் பொட்டலம் போதும், ஒரு பூச்சட்டி கொண்டு வாங்க

கொஞ்சம் காரமாத்தான் எழுதுறேன், மன்னிக்கணும்.

திருவிழாவுக்குத் திருவிழா நம்ம கோயில் தொண்டர்கள் முதியோர் இல்லத்துக்குப் போறோம். சோறு கொடுக்கிறோம், தேவாரம் பாடுறோம், படம் எடுத்துப் பதிவு போடுறோம், கிளம்பிடுறோம். நானும் பல வருஷம் அதைத்தான் செஞ்சேன்.

போன மாசம் ஓர் இல்லத்தில் மறதிநோய் உள்ளவங்க பகுதிக்குப் போனோம். தோட்டத்தில் முப்பது வருஷம் பால் மரம் வெட்டின பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க. மகன் பேரே ஞாபகம் இல்லை. நாள் முழுக்க டிவி முன்னால நாற்காலி. எழுந்தாலே, "உட்காருங்க பாட்டி, விழுந்துடுவீங்க." வெளியே அழைச்சிட்டு வந்தேன். நடைபாதையில வாடின துளசிச் சட்டி ஒண்ணு. மண்ணுல விரலை விட்டுப் பார்த்துட்டு என்னைத் திட்டினாங்க: "தண்ணி ஊத்த மாட்டியா? செடி சாகுது பாரு!" காய்ஞ்ச இலையை ஒவ்வொண்ணா கிள்ளிப் போட்டாங்க.

இந்த நோய் நேத்து நடந்ததைத்தான் முதல்ல அழிக்கும். கை பழகின வேலை ரொம்ப நாள் தங்கும். அந்தக் கையைத்தான் நாம கட்டிப் போட்டிருக்கோம்.

"பத்து நிமிஷத்துல மறந்துடுவாங்களே, என்ன பயன்?" என்கிறாங்க. போன மாசம் அம்பாளுக்கு என்ன அலங்காரம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அதனால அந்தப் பூஜை வீணா?

செடி நோயைக் குணமாக்கும்னு நான் சொல்லல. அப்படிச் சொல்றவங்களை நம்பவும் வேண்டாம். ஆனா அந்த ஒரு மணி நேரம் அவங்க நோயாளி இல்லை, வேலை தெரிஞ்ச ஆள்.

விழுவாங்க, இலையைத் தின்னுடுவாங்க, ஏடிஸ் கொசு வரும் என்பதெல்லாம் சாக்கு. உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்துல தொட்டி வைங்க. சட்டிக்கு அடியில தட்டு வேண்டாம், தண்ணி தேங்கும். பூஜைக்கு ஆகும்னு அரளியைக் கொண்டு போயிடாதீங்க, செடி முழுக்க நஞ்சு. துளசி, கறிவேப்பிலை, பண்டான், செம்பருத்தி போதும். கூடவே ஒருத்தர் இருங்க. சிங்கப்பூர்ல 2016-லேயே ஹார்ட்பார்க்கில் சிகிச்சைத் தோட்டம் திறந்துட்டாங்க. நமக்கு பத்து சட்டி வைக்க முடியாதா?

நம்ம கோயிலையும் சொல்லணும். பின்னால இருந்த நந்தவனத்துக்கு சிமெண்டு போட்டு கார் நிறுத்துறோம், பூவைக் கடையில வாங்குறோம். உள்ளே அப்பர் சுவாமி உழவாரத்தோட நிக்கிறார். அது புல் செதுக்குற கருவி. வயசான காலத்திலும் அவர் கையில அது இருந்தது. "பாவம், உட்காருங்க"ன்னு யாரும் பிடுங்கல.

நிர்வாகத்துக்கு என் கோரிக்கை: அடுத்த முறை நூறு பொட்டலத்துக்குப் பதிலா ஐம்பது பொட்டலமும் பத்துச் சட்டி மண்ணும் கொடுங்க. வாராவாரம் போய்ப் பார்க்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் நான். இன்னொருத்தர் யாரு? கீழே பேரைப் போடுங்க.