போயிட்டு வர்றேன்

தோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் நான் தங்கியிருந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருந்தார். காலை ஏழரை மணிக்கு நான் படியிறங்கும்போது துடைப்பமும் கையுமாக வாசலில் நிற்பார். என்னைக் கண்டதும் 'இத்தெரஷ்ஷை' என்பார். வணக்கம், நன்றி, கழிவறை எங்கே, இது எவ்வளவு என்று ஆங்கிலக் கையேடு ஒன்றிலிருந்து நாற்பது வாக்கியங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இது அதில் இல்லை. தலையைச் சற்றுத் தாழ்த்திவிட்டு நடந்துவிடுவேன்.

இரண்டு வாரம் கழித்து உடன் வேலை பார்த்தவர் ஒருவர் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். 'இத்தெ' என்றால் போய். 'இரஷ்ஷை' என்றால் வாருங்கள். போய் வாருங்கள்! அதற்குப் பதில் 'இத்தெ கிமஸ்', அதாவது போய் வருகிறேன். எங்கள் வீட்டில் யாராவது வாசலில் நின்று 'போறேன்' என்றால் அம்மாவுக்குப் பொறுக்காது. 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று திருத்திவிட்டுத்தான் அனுப்புவார். அதே வாக்கியத்தை அத்தனை தொலைவில் ஒரு பாட்டி தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் 'இத்தெ கிமஸ்' என்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகளை முன்னால் சேர்த்து, நன்றாகக் குனிந்து எழுந்தார்.

அன்றிலிருந்து ஆங்கிலக் கையேட்டை மூடிவிட்டேன். ஜப்பானியத்தைத் தமிழ் வழியாகவே படித்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

காரணம் வினைச்சொற்களில் இருக்கிறது. 'தபெதெ மிமஸ்' என்பதை ஆங்கிலம் 'சாப்பிட முயல்கிறேன்' என்கிற தோரணையில் விளக்கும். நமக்கு அது வெறுமனே 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. அங்கே வரும் 'மிரு' நம்முடைய 'பார்' தான். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'ஒகு' என்பது வை. 'மொத்தெ குரு' என்றால் கொண்டு வருவது. இது, அது என்பதிலும் இதே கதை. கையருகே இருப்பது 'கொரெ', கேட்பவர் பக்கத்தில் இருப்பது 'ஸொரெ', இருவருக்கும் எட்டத்தில் இருப்பது 'அரெ'. நடுவில் உள்ள 'ஸொரெ' தமிழ்நாட்டுக்காரர்களைக் கொஞ்சம் தடுமாற வைக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு அந்தச் சிக்கலே இல்லை. அவர்கள் பேச்சில் 'உது' இன்னும் உயிரோடு இருக்கிறது.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழும் கேள்வி, பை வேண்டுமா என்பது. 2020 ஜூலை முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குக் காசு. வேண்டாம் என்று மறுக்க ஜப்பானியருக்கு மனம் வராது. 'தைஜோபு தெஸ்' என்பார்கள். ஒன்றும் கேடில்லை என்பது நேர்ப்பொருள். 'காபி குடிக்கிறீங்களா?' என்று கேட்டால் 'பரவாயில்லைங்க' என்று நாம் மறுக்கிறோமே, அச்சு அசல் அதுதான். விருப்பமில்லாத ஒன்றை யாராவது நீட்டினால் 'சொத்தோ...' என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். 'அது கொஞ்சம்...' என்று நாம் இழுப்பதில்லையா? மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்வார்.

ஒரே ஒரு சொல்லோடுதான் ஜப்பானில் இறங்கவேண்டும் என்றால் 'ஸுமிமஸென்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் இடித்துவிட்டாலும் அதுதான், உணவகத்தில் பரிமாறுபவரைக் கூப்பிடவும் அதுதான், வழிவிட்டவருக்கு நன்றி சொல்லவும் அதுதான். 'தீரவில்லை' என்பது அதன் வேர்ப்பொருள். உங்களுக்கு நான் பட்ட கடன் தீரவில்லை என்று வைத்துக்கொண்டால் மன்னிப்பும் நன்றியும் ஒரே சொல்லுக்குள் இருப்பது விளங்கிவிடும். சாப்பிடும் முன் சொல்லும் 'இததகிமஸ்' இதைவிட அழகு. தலைக்கு மேல் வைத்துக்கொள்வதே அந்த வினையின் பழைய பொருள். தமிழில் சிரமேற்கொள்வது என்போம்.

உச்சரிப்பிலும் நம் எழுத்து கைகொடுக்கும். 'ஒபஸன்' என்றால் அத்தை அல்லது நடுத்தர வயதுப் பெண்மணி; 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஒரு குறில் நெடிலானால் எதிரில் நிற்பவருக்கு முப்பது வயது கூடிவிடும். 'பிரு' கட்டடம், 'பீரு' பீர். குறில் நெடில் அறிந்து வளர்ந்த காதுக்கு இது கடினமே இல்லை. ஆனால் ககரத்திலும் தகரத்திலும் கவனம் வேண்டும். 'இததகிமஸ்' என்பதில் முதல் தகரம் வன்மை, அடுத்தது மென்மை; தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஜப்பானியத்தில் சாவிக்கான சொல்லுக்கும் சீமைப் பனிச்சைப் பழத்துக்கான சொல்லுக்கும் உள்ள வேறுபாடு அப்படிப்பட்ட ஒரு ககரம்தான். இதற்கு எழுத்தை நம்பாமல் ஒலிப்பதிவைக் கேட்டே பழகவேண்டும்.

இந்த ஒற்றுமைகளைச் சொன்னதும் நம்மவர்கள் சுசுமு ஓனோவைக் குறிப்பிடுவார்கள். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று நெடுங்காலம் எழுதிய அறிஞர், 2008இல் மறைந்தார். அவருடைய உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் இந்த வாக்கிய அமைப்பு கொரியத்திலும் துருக்கியத்திலும்கூட உண்டு. படிக்கிறவருக்கு ரத்த உறவு தேவையில்லை, அமைப்பு ஒத்துப்போவதே போதும்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் முதல் படியான என்5க்குச் சென்னையிலேயே ஏராளமானோர் படிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பொருளைத் தமிழில் எழுதுங்கள், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில். முதல் வரியாக 'இத்தெ கிமஸ் - போயிட்டு வர்றேன்' என்று இருக்கட்டும்.