சர் பட்டம் பழியைத் துடைக்காது

லண்டன் பங்காளி மெக்ஃபேடியன் சூதாடியதற்குச் சென்னை வங்கியாளர் சர் ஜார்ஜ் அர்புத்நாட் பலியானாராம். இப்படி வாதாடுபவர் நம் ஆரணிக்காரர் ஒருவர்! மெக்ஃபேடியன் ரயில்முன் பாய்ந்து செத்துவிட்டார். செத்தவர் தலையில் பழியைக் கட்டுவது சுலபம். ஆனால் சென்னை ஜனங்கள் சேமிப்பைக் கொட்டியது யாரை நம்பி? சட்டசபையில் வீற்றிருந்த இந்தத் துரையைத்தானே? 1906 அக்டோபர் 22இல் அவருடைய வங்கி கடையை மூடியது. வழக்கில் துரைக்கு 18 மாதக் கடுங்காவல். அனுதாபம் பேசிக்கொண்டிராமல் 1907இல் இந்தியன் வங்கியை எழுப்பினார் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

நம்மூர்த் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தாலே மிதியை நிறுத்தி, முடிச்சுப் போட்டபிறகே நெசவு தொடரும். மறைத்து நெய்தால் கூலியில் கைவைப்பார்கள். நெசவாளிக்குக் கிடைக்காத மன்னிப்பு வங்கி முதலாளிக்கு மட்டும் எதற்கு?